திரும்பிப் படு, சாமி

கண்ணு,

லோடு விஷயமாகச் சேலம் போயிருக்கிறாய். சாயங்காலம் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு, கட்டிலில் சாயப் போகும்போது ஒரு புதுத் தலையணையும் அதன்மேல் இந்தக் காகிதமும் இருக்கும். "இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லை" என்று நினைத்துக்கொண்டேதான் படிப்பாய். படி. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் எது சொன்னாலும் "சரிங்கம்மா" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுகிறாய். பேசத் தெரிந்த நாளிலிருந்து நீ எனக்குச் சொன்ன சரிங்கம்மாக்களை எல்லாம் ஒரு வண்டியில் ஏற்றினால், முதல் செக்போஸ்டிலேயே ஓவர்லோடு என்று ஓரங்கட்டிவிடுவார்கள். காகிதத்திடம் சரிங்கம்மா சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை லாரியில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூருக்குக் கிளம்புகிறாய். இன்று புதன். நடுவில் இருப்பது ஒரே ஒரு நாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்று உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. வலது கையில் சோறு பிசைந்துகொண்டே இடது கையால் தண்ணீர்ச் சொம்பை எடுத்தாய். பாதி தூரம் வந்த சொம்பு, யாரோ பிடுங்கிப் போட்ட மாதிரி கீழே விழுந்தது. தண்ணீர் உன் இலையில், என் சேலையில், எல்லா இடத்திலும். நீ சிரித்தாய். "ஒண்ணுமில்லீங்கம்மா, கை மரத்துப் போச்சு" என்றாய். நானும் சிரித்துக்கொண்டே துடைத்தேன். ஆனால் அதற்கப்புறம் உன் கையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததும் இடது கையை உதறுகிறாய். சட்டைப் பொத்தானை ஒரு கையால் போடுகிறாய். போனைக்கூட வலது காதுக்கு மாற்றிவிட்டாய். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, "வண்டியில இருக்கறப்ப காலைல கொஞ்ச நேரம் அப்பிடி இருக்கும், டீ குடிச்சாச் செரியாப் போயிரும்" என்றாய். டீ குடித்தால் சரியாகிற நரம்பு உலகத்தில் உண்டா கண்ணு? அந்தக் கையால்தானே தொப்பூர்க் கணவாயில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும்? அங்கே ஒரு சொம்பு விழுந்த மாதிரி கை நழுவினால் துடைக்கிறதற்கு என் சேலை போதுமா?

இப்படி எல்லாம் எழுதக் கூடாது, வாய் முகூர்த்தம் பலித்துவிடும் என்று உன் அப்பா சொல்வார். எழுதாவிட்டால் உனக்கு உறைக்காது.

திங்கட்கிழமை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அப்பாவுக்குப் பார்த்த அதே எலும்பு டாக்டரிடம் காட்டலாம் என்று கெஞ்சினேன். அப்போது நீ சொன்ன பதில்தான் இன்னும் காதில் நிற்கிறது. "அந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன் போங்கம்மா. வண்டி ஓட்டாதேன்னு ஒரே வார்த்தையில சொல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்புடுவாங்க." சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு முடி வெட்டப் போய்விட்டாய். உன் பயம் எனக்குப் புரிகிறது. சலூனுக்கு எதற்காகப் போனாய் என்பதும் புரிந்தது. சலூன்காரர் கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருகி 'டக்'கென்று ஒரு சத்தம் வரவைப்பாரே, அதற்காக. சத்தம் வந்தால் சரியாகிவிட்டது என்று ஒரு நம்பிக்கை. முறிகிற கிளையும்தான் சத்தம் போடுகிறது.

நம் வீட்டுக்கு இந்தப் பித்து புதிதில்லை. உன் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட வருஷம் நீ ஐடிஐ ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். ஒருநாள் காலையில் வண்டியிலிருந்து இறங்கினவர் நிமிரவில்லை. குனிந்தவர் குனிந்தபடியே வாசல் வரைக்கும் வந்தார். ஊரே கூடி வைத்தியம் சொன்னது. பிறக்கும்போது தலை வராமல் கால் முதலில் வந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுப் போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதை நம்பி, காலால் பிறந்த ஆள் யார் யார் என்று நானே தெருத்தெருவாக விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை மொத்த வியாபாரம் பார்க்கிற ஒருத்தர் கிடைத்தார். பரமத்தி வேலூர்க்காரர், நல்ல மனுஷன், ஆனால் சரியான ஆகிருதி. வந்தார், டீ குடித்தார், குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் வலது காலால் மூன்று மிதி மிதித்தார், இரண்டாவது டீயும் குடித்துவிட்டுப் போனார். உன் அப்பா அப்புறம் ஒரு வாரம் ஒன்றுக்குப் போவதற்கே என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போனார். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்று தன்னைப் பற்றியே பெருமை பேசுகிற மனுஷன், குதிரையும் இல்லை கழுதையும் இல்லை என்று ஆகிப்போனார்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். அப்பாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "எப்படிப் படுப்பீங்க?" என்பது. உன் அப்பா விழித்தார். "படுத்துத்தான் படுப்பேன்" என்றார். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் வண்டியில் எப்படித் தூங்கினீர்கள், காட்டுங்கள் என்றாள். அவர் காட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஒரு தூக்கம், லோடு மேலே தார்ப்பாயில் வில்லாக வளைந்து ஒரு தூக்கம், அன்லோடிங்குக்குக் காத்திருக்கும்போது வண்டிக்கு அடியில் கருங்கல் தரையில் ஒரு தூக்கம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உங்கள் முதுகு உழைத்துக் கெட்டதில் பாதி, ஓய்வெடுத்துக் கெட்டதில் பாதி என்று சொன்னாள்.

அவள்தான் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை லேசாக மடக்கி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்தாள். உன் அப்பாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான் என்ன புள்ளத்தாச்சியாம்மா?" என்றார். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் வைக்கவில்லை, வெறும் தரையில் துண்டை விரித்து, கட்டாந்தரைதான் மருந்து என்று மல்லுக்கு நின்றார். மூன்றாம் நாள் வலி தாங்காமல் அவரே தலையணையைக் கேட்டு வாங்கினார். இன்றைக்கு அந்தத் தலையணை இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. விருந்தாளி வந்தால் மட்டும் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்.

அன்றைக்கு அவள் சொன்ன இன்னொன்றை நான் வெறுமனே கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவுக்குக் குப்புறப் படுக்கும் பழக்கம் இல்லையே என்று விட்டுவிட்டேன். "குப்புறப் படுத்தா மூச்சு விட மூஞ்சியை ஒரு பக்கமாத் திருப்பித்தானே ஆகணும்? பகல்ல உக்காந்துக்கிட்டு ஒரு சினிமாப் பாட்டு முடியற வரைக்கும் கழுத்தை அப்படித் திருப்பி வெச்சுப் பாருங்கம்மா. ராத்திரி முழுக்க அப்படி வெச்சா அது என்ன பாடுபடும்?" என்றாள். அந்தப் பேச்சு உனக்கானது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

உன் தூக்கத்தைப் பற்றி நான் கவலைப்படாமல் இருந்தேன் என்று நினைக்காதே. கவலைப்பட்டேன், தப்பான இடத்தில் கவலைப்பட்டேன். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சாஸ்திரம். உனக்குத் தூளி கட்டியபோதே திசை பார்த்துத்தான் கட்டினேன். நீ தூக்கத்தில் உருண்டு வடக்கே தலை போய்விட்டால் எழுந்து வந்து திருப்பிப் போடுவேன். பெரியவனாகி நீ வடநாட்டு லைனுக்கு வண்டி ஓட்டப் போனபோது, அந்த வார்த்தையைக் கேட்டதுமே என் நெஞ்சு திக்கென்றது. போன் பண்ணும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்பதற்கு அடுத்து, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தாய் என்று கேட்பேன். நீ சொல்வாய்: "பெர்த்து குறுக்கதானேங்கம்மா கெடக்குது. வண்டி வடக்க பாத்து நின்னா என்ற தலை கெழக்க இருக்கும். பயப்படாதீங்க." அதைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எந்தத் திசை என்று கேட்கத் தெரிந்தவளுக்கு, எப்படி என்று ஒரு தடவை கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தால் நீ மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கப் போகிறாயா என்ன?

இதில் இன்னொரு கூத்து. அந்தப் பெர்த்தைப் பற்றி நாமக்கல்லிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் சில பேர்தான் இருப்பார்கள். நம் வீட்டு முன்னறை மெஷினில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக நான் தைப்பது என்ன? பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு, லாரி சீட்டுக்கும், சீட்டுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும் அந்தப் படுக்கைப் பலகைக்கும் ரெக்ஸின் உறை. எந்த கேபினுக்கு எவ்வளவு அகலம் என்று கனவில் கேட்டாலும் சொல்வேன். ஒன்றே முக்கால் அடி. அதற்கு மேல் கொடுக்க மாட்டார்கள், சீட்டு முன்னால் தள்ளிவிடும் என்பார்கள். அளவு தெரியும், நூல் தெரியும், மூலையில் எப்படி மடித்து அடிக்க வேண்டும் என்று தெரியும். அதில் ஒரு மனுஷன் எப்படிப் படுப்பான் என்று மட்டும் நான் யோசித்ததே இல்லை. சீட்டு தைக்கிறவள் எல்லாம் லாரி ஓட்டவா போகிறாள்?

திங்கட்கிழமை நீ சலூனுக்குப் போன நேரத்தில் அதில் படுத்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். சாவியை எடுத்துக்கொண்டு போய், பக்கத்துக் காலி இடத்தில் நிற்கிற வண்டியில் ஏறினேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு, அந்தப் படியில் ஏறுவதற்குள் எனக்கு மேல்மூச்சு வாங்கிவிட்டது. உன் அப்பா கீழே நின்று, "ஏ புள்ள, உனக்கெதுக்கு இந்த வேலை, விழுந்து தொலையாத" என்று கத்திக்கொண்டிருந்தார். கேபினுக்குள் நீ எப்படி வாழ்கிறாய் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கிளீனர் பக்கத்து முனையில் துணிப்பை, அடுப்பு, தண்ணீர் கேன். அதனால் கால் நீட்ட இடமில்லை. ஓட்டுகிறவர் பக்கத்து முனையில் தலைமாட்டுக்கு மடித்த தார்ப்பாய். என் இரண்டு கைப்பிடி உயரம் இருக்கிறது. அதில் எண்ணெய்க் கறை, உன் கன்னம் பதிந்த இடம். வீட்டில் நீ படுக்கிற மாதிரியே குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஒரு பக்கமாக ஒருக்களித்தால் முழங்கால் சீட்டின் முதுகில் இடிக்கிறது. மல்லாந்தால் தார்ப்பாய் கழுத்தை நெஞ்சுக்கு மடக்குகிறது. சரி, இதனால்தான் பிள்ளை குப்புறப் படுக்கிறான் என்று நினைத்தேன். இடது பக்கமாகத் திரும்பி, கழுத்தைக் கொஞ்சம் தூக்கி, உன் கன்னம் பதிந்த இடத்தில் என் கன்னத்தை வைத்தேன்.

அப்போது பார்த்தேன் கண்ணு. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற சைடு கண்ணாடி, ஓட்டுகிறவனுக்கு உபயோகப்படாத ஒரு கோணத்தில் திருப்பி வைத்திருந்தது. படுத்திருக்கிற என் கண்ணுக்கு அதில் டீசல் டேங்க் தெரிந்தது. டேங்க்கின் மூடி தெரிந்தது. தார்ப்பாய்க் கயிறு கட்டிய கொக்கிகூடத் தெரிந்தது. தலையை ஒரு விரல்கடை இந்தப் பக்கம் நகர்த்தினால் தெரியவில்லை. திரும்பிப் படுத்தால் தெரியவில்லை. அந்த ஒரு கோணத்தில் கழுத்தைத் திருகி வைத்தால் மட்டும் தெரிகிறது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே நின்ற உன் அப்பா பயந்துபோய், இடுப்புப் பிடித்துக்கொண்டதா என்று கேட்டார். இறங்கி வந்து சொன்னேன். அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். வடக்கே பல இடங்களில் வண்டியை நிறுத்திக் கண்ணசந்தால் டேங்க்கில் குழாயை விட்டு டீசலை உறிஞ்சிவிடுகிறார்கள். போன மழைக்காலத்தில் உனக்கும் ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாய். அப்பனும் மகனும் சேர்ந்துகொண்டு ஒரு மனுஷியை எப்படி ஏமாற்றியிருக்கிறீர்கள். கோபம்தான் வந்தது. அதற்கு முன்னால் பயம் வந்தது. நீ படுக்கிற விதம் கெட்ட பழக்கம் என்று இத்தனை நாள் நினைத்தேன். நீ படுக்கவே இல்லை, சாமி. படுத்தபடி காவல் இருந்திருக்கிறாய்.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. உனக்கு நினைவிருக்காது. நாலைந்து வயதில் நீ இதே மாதிரிதான் குப்புறப் படுப்பாய், முகம் வாசல் கதவைப் பார்த்திருக்கும். அப்போது உன் அப்பா கல்கத்தா லைன் ஓட்டினார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது, செல்போனும் கிடையாது. ரோட்டில் ஏர் ஹாரன் கேட்டால் தலையைத் தூக்குவாய். "அப்பா வந்துட்டாருங்களா?" என்பாய். இல்லை என்றால் மறுபடி அதே பக்கம் கன்னத்தை வைத்து, கண்ணை மூடாமல் கதவையே பார்ப்பாய். நான் மெஷினில் தைத்துக்கொண்டே, "நீ திரும்பிப் படு சாமி, அம்மா முழிச்சிருக்கறேன்" என்பேன். அப்புறம்தான் சுவர்ப் பக்கம் திரும்புவாய். திரும்பின உடனே தூக்கம் உன்னை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தக் கவலை எல்லாம் என்னிடமிருந்துதான் உனக்கு ஒட்டிக்கொண்டது. மூக்கும் முழியும் அப்பா மாதிரி, மனசு மட்டும் அம்மா மாதிரி என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது பெருமையாக இருந்தது. இப்போது இல்லை.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சொல்வாய், தெரியும். நித்திரைக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். கழுத்துக்குத் தெரியும். அது இந்தச் சுகக்கேட்டை ஒவ்வொரு ராத்திரியும் கணக்கில் வைத்துக்கொண்டு, ஒருநாள் கைக்கு அனுப்புகிறது. நேற்று அந்தப் பிசியோ பெண்ணுக்குப் போன் பண்ணி விவரம் சொன்னேன். படுக்கிற விதத்தால் கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், போனில் கேட்டுச் சொல்கிற சமாச்சாரம் இல்லை என்றாள். மரத்துப் போவதோடு பிடியும் நழுவுகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். யாரிடமும் கழுத்தைத் திருகக் கொடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொன்னாள். நீ ஏற்கெனவே கொடுத்துவிட்டு வந்ததை நான் சொல்லவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

படுப்பதைப் பற்றி அவளிடம் கேட்டதையும், அப்பாவுக்குச் செய்து பார்த்ததையும் சேர்த்து உனக்குச் சொல்கிறேன். குப்புறப் படுப்பதை விடு. ஒருக்களித்துப் படு. அப்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது பார், அதை நிரப்புகிற அளவுக்குத்தான் தலையணை உயரம். அதிகமானாலும் கழுத்து ஒடியும், குறைந்தாலும் தொங்கும். முழங்காலுக்கு நடுவில் துணிப்பையை வைத்துக்கொள், புள்ளத்தாச்சி என்று யாராவது கேலி பண்ணினால் பண்ணட்டும், உன் அப்பாவையே பண்ணியாயிற்று. மல்லாந்து படுத்தால் தலைக்குச் சன்னமாக ஒன்று, முழங்காலுக்கு அடியில் ஒன்று. கையைத் தலைக்கு அடியில் கொடுக்காதே. விழித்ததும் ஸ்பிரிங் மாதிரி துள்ளி எழாதே, ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழு. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்குவது தூக்கமே இல்லை. இதெல்லாம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு என்ன தெரியும், நான் ரெக்ஸின் தைக்கிறவள். அதனால்தான் தெரிந்தவர்களிடம் போகலாம் என்கிறேன்.

ஒருக்களிக்க இடம் எங்கே என்று கேட்பாய். நேற்றும் இன்றும் நீ வெளியே போன நேரத்தில் நம் வீட்டில் பட்டறையே நடந்தது. பெர்த்தின் முன் ஓரத்தில் கீல் வைத்து ஒரு மடக்குப் பலகை அடித்தாயிற்று. சீட்டின் முதுகை முன்னால் சாய்த்துவிட்டு இதைத் தூக்கி அதன்மேல் போட்டால் இன்னும் முக்கால் அடி கிடைக்கும், முழங்கால் மடங்கும். அதற்கு உறை நான்தான் தைத்தேன், மூலையெல்லாம் அழகாக வந்திருக்கிறது. அடுப்பும் கேனும் இனிமேல் சீட்டுக்கு அடியில். உன் அப்பா வெல்டரைக் கூட்டிவந்து டேங்க்கைச் சுற்றிக் கம்பிக்கூண்டு அடித்து, மூடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். குனியக் கூடாத மனுஷன் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியையும் ஆட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் சைடு கண்ணாடியை ஓட்டுகிறவனுக்குத் தெரிகிற கோணத்துக்கே திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

நாளைக்குக் காலையில் டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறது. நீ போகிறாய், நானும் வருகிறேன். வண்டி ஓட்டாதே என்று சொல்லிவிடுவார்களோ என்று நீ பயப்படுகிறாய். சொல்லாமல் விட்டுவிடுவார்களோ என்று நான் பயப்படுகிறேன். இரண்டு பயத்தையும் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைப்போம். கொஞ்ச நாள் ஓட்டாதே என்றால் ஓட்ட வேண்டாம், வேறு வண்டி பார்த்து அந்த லோடை ஏற்றிவிடலாம், ஜவ்வரிசி ஒன்றும் அழுகிப் போகிற சரக்கு இல்லை. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றாயே, படுக்க வேண்டாம். போய்க் கழுத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும்.

கட்டிலில் இருக்கிற தலையணையைத் தூக்கிப் பார். உன் தோளுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஒரு மூலையில் கெட்டியாக ஏதோ கைக்குத் தட்டுப்படும். அது வண்டிச் சாவி. மாற்றுச் சாவி உன் அப்பாவின் டவுசர் பையில் இருக்கிறது, அதை எடுக்க உன்னால் முடியாது. தலையணையை நீயே பிரித்துவிடலாம் என்று பார்க்காதே. ரெக்ஸின் நூலில் இரட்டைத் தையல், லாரி குலுக்கலுக்கே பிரியாதது. டாக்டர் போகலாம் என்று சொன்னால் அந்த வாசலிலேயே பிரித்துக் கொடுக்கிறேன். கத்தரி என் பையில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. கூண்டும் பூட்டும் போட்டாலும் நீ கண்ணாடியை மறுபடி திருப்புவாய் என்று எனக்குத் தெரியும். பயம் பூட்டுக்கு அடங்காது. அதனால் இனிமேல் எந்த ஊரில் நிறுத்தினாலும், படுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்க மாட்டேன், பேச வேண்டியதும் இல்லை. நீ கொடுத்துவிட்டாய் என்றால், இங்கே நான் முழித்திருக்கிறேன் என்று அர்த்தம். உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "இந்தூர்ல நிக்கற டேங்க்கை நாமக்கல்லுல இருந்துக்கிட்டு எப்பிடிப் புள்ள காப்ப?" என்று சிரித்தார். காக்க முடியாதுதான். அன்றைக்கும் நான் முழித்திருந்ததால் கல்கத்தாவிலிருந்து வந்த அவருடைய வண்டி ஒரு அடிகூட முன்னால் வந்துவிடவில்லை.

ஆனால் நீ தூங்கினாய். இப்போதும் அப்படித்தான். திரும்பிப் படு சாமி, அம்மா முழிச்சிருக்கறேன்.